பாயூ: சிதையாமல் விடுதலை பெற்ற நகரத்தை முதன்முறை பார்க்கச் செல்வோருக்கு

ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து பிரான்ஸை மீட்க, அதன் நார்மண்டிக் கடற்கரையில் 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய இடங்களைக் காணச் செல்பவர்களில் பலர் பாயூ நகரத்தில்தான் அறை எடுத்துத் தங்குகிறார்கள். காலையில் எழுந்து கடற்கரைக்குச் செல்கிறார்கள், மாலையில் திரும்பி உறங்குகிறார்கள், மறுநாள் பாரிசுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். முதன்முறை நானும் அப்படித்தான் செய்தேன். அந்த ஊர் எனக்கு ஒரு படுக்கையாகவும் பேருந்து நிறுத்தமாகவும் மட்டுமே இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நான் தேடிச் சென்ற கதையின் பாதி அந்த ஊரின் தெருக்களிலேயே இருந்தது. போர் எங்கே கரையேறியது என்பதைக் கடற்கரையில் அறியலாம். விடுதலை ஓர் ஊருக்குள் நுழையும்போது அங்கே என்ன நடக்கிறது, அதன்பின் அந்த ஊர் எப்படி மாறுகிறது என்பதைப் பாயூவில்தான் காண முடியும். ஆகவே இந்த வழிகாட்டி பாயூவுக்கென்றே ஒரு முழு நாளைக் கேட்கிறது. அதற்குமேல் நேரம் உள்ளவர்களுக்கான குறிப்புகள் கடைசியில் உள்ளன.

புறப்படும் முன்: இரண்டு ஆண்டுகளை அறிந்துகொள்ளுங்கள்

பாயூவில் எங்கே நின்றாலும் 1066, 1944 என்ற இரண்டு ஆண்டுகள் எதிரே வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் சுருக்கமாகவேனும் தெரிந்துகொண்டு சென்றால்தான் அங்கே காண்பவை பேசத் தொடங்கும்.

நார்மண்டியின் கோமகனாக இருந்த வில்லியம் 1066-இல் கடலைக் கடந்து சென்று, ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் மன்னர் ஹரால்டை வென்று, இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்தார். அவருடன் ஒரே தாய்க்குப் பிறந்த ஓடோ அப்போது பாயூவின் ஆயராக இருந்தார். அந்தப் படையெடுப்பைக் கம்பளி நூலால் லினன் துணியில் தைத்துக் காட்டும் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள சித்திரத் துணியைச் செய்வித்தவர் ஓடோவாகவே இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பாயூ திரைச்சீலை என்று உலகம் அதை அழைத்தாலும் அது தறியில் நெய்யப்பட்டதன்று, ஊசியால் தைக்கப்பட்ட பூத்தையல்.

இனி 1944. ஜூன் 6 அன்று, கோல்ட் என்று குறிப்பெயர் இடப்பட்ட கடற்கரையில் இறங்கிய பிரிட்டிஷ் வீரர்கள் மாலைக்குள் பாயூவின் விளிம்பை எட்டி, மறுநாள் காலையில் ஊருக்குள் நுழைந்தார்கள். ஜெர்மானியர்கள் பெரும்பாலும் விலகிச் சென்றுவிட்டதால் தெருச்சண்டை ஏறக்குறைய இல்லை, பெருங்குண்டுவீச்சும் இல்லை. அதனால்தான் நடுக்காலத்து வீடுகளும் பேராலயமும் நீராலையும் இன்றும் நிற்கின்றன. இதே வாரங்களில், ரயிலில் 20 நிமிடத்துக்குள் சென்றுவிடக்கூடிய கான் நகரத்தின் பெரும்பகுதி குண்டுகளால் தரைமட்டமானது. அந்நகரம் முழுமையாக விடுபட ஜூலை மூன்றாம் வாரம் ஆயிற்று. நார்மண்டிப் போரில் உயிரிழந்த பொதுமக்கள் சுமார் 20,000 பேர் என்பதையும், அவர்களில் மிகப் பலர் தங்களை விடுவிக்க வந்தவர்களின் குண்டுகளாலேயே மாண்டார்கள் என்பதையும் மனத்தில் இருத்திக்கொண்டு பாயூவின் அழகிய தெருக்களில் நடக்க வேண்டும். தப்பிய ஊரின் பொருள், தப்பாத ஊர்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

எப்போது செல்வது, எப்படிச் சேர்வது

ஜூன் முதல் வாரத்தில் நினைவு நிகழ்ச்சிகள் நடைபெறும். பழைய ராணுவ ஜீப்புகளும் கொடிகளும் இசைக்குழுக்களும் ஊரை நிறைக்கும். அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் நடக்கும் நடுக்கால விழாவின் போதும் நெரிசல்தான். முதன்முறை செல்பவர்கள் மே மாதத்தையோ செப்டம்பரையோ தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் இந்த ஊரில் நின்று பார்க்க வேண்டியவை அதிகம், கூட்டத்தில் நிற்க முடியாது. கடற்கரை அருகில் இருப்பதால் எந்த மாதத்திலும் மழைச்சட்டை தேவைப்படும். கல்லறைத் தோட்டங்களில் ஈரப்புல்லின் மேல் நீண்ட நேரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், நனைந்தாலும் பரவாயில்லாத மூடிய காலணிகளை அணிந்து செல்லுங்கள்.

பாரிசிலிருந்து பாயூவுக்கான ரயில்கள் சென் லசார் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. நேரடி ரயில் என்றால் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். மற்றவற்றில் கான் நிலையத்தில் இறங்கி மாற வேண்டும். லா சப்பல் பகுதியில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் கார் து நோர் நிலையத்தோடு இணைந்த மஜெந்தா நிலையத்துக்கு நடந்து சென்று, ஆர்.இ.ஆர். என்னும் புறநகர் ரயிலின் ஈ தடத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தமே சென் லசார்தான். பயணச்சீட்டை முன்பே வாங்கினால் விலை குறையும். இணையத்தில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நார்மண்டியின் கான் வேறு, திரைப்பட விழாவுக்குப் பெயர்பெற்ற தெற்குக் கடற்கரையின் கான் வேறு. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், பிரெஞ்சில் எழுத்துகள் வேறு. பாயூ செல்லும் தடத்தில் இருப்பது ஆறு எழுத்துப் பெயரன்று, நான்கு எழுத்துப் பெயர்.

லண்டனிலிருந்து வருபவர்கள் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கப்பல் ஏறி உயிஸ்திரேயாமில் இறங்கலாம். அதுவும் 1944-இல் படைகள் இறங்கிய கரைதான். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நடையைத் தொடங்கும் இடம்: வெளிவட்டச் சாலை

ரயிலை விட்டு இறங்கியதும் எல்லோரும் பேராலயக் கோபுரங்களை நோக்கி நடப்பார்கள். நீங்கள் அவற்றை வலப்புறத்தில் விட்டுவிட்டு, ஊரைச் சுற்றிச் செல்லும் அகன்ற சாலையில் மேற்கு நோக்கி நடங்கள். பார்ப்பதற்கு அது எந்த ஐரோப்பிய ஊரிலும் இருக்கக்கூடிய சாதாரணச் சாலை, ஆனால் பாயூவின் விடுதலை கண்ணுக்குத் தெரியும்படி விட்டுச்சென்ற முதல் தடம் அதுவே. 1944 ஜூனில் கடற்கரையில் இறங்கிய டாங்கிகளும் சரக்கு லாரிகளும் உள்நாடு செல்லப் பாயூவைக் கடந்தாக வேண்டியிருந்தது. இரண்டு மாட்டுவண்டிகள் எதிரெதிரே வந்தாலே திணறும் நடுக்காலத் தெருக்கள் அவற்றுக்கு இடம் தரவில்லை. பிரிட்டிஷ் படையின் பொறியாளர்கள் வயல்களின் ஊடாக ஊரைச் சுற்றி ஒரு மாற்றுச் சாலையைச் சில வாரங்களில் போட்டு முடித்தார்கள். போர் முடிந்தபின் ஊர் அந்தச் சாலையை அழிக்கவில்லை, தன் வெளிவட்டமாகவே ஏற்றுக்கொண்டது. அதன் ஒரு பகுதிக்கு ஜூன் 6 என்ற நாளே பெயர். இன்று பழைய நகரத்துக்குள் கனரக வண்டிகளின் இரைச்சல் குறைவாக இருப்பதற்கும், உள்ளே வீடுகள் இடிபடாமல் காக்கப்பட்டதற்கும் அந்த அவசரச் சாலை ஒரு காரணம்.

இருபது நிமிடம் போல நடந்தால் ஃபேபியன் வேர் பெயர் தாங்கிய பகுதியை அடைவீர்கள். முதல் உலகப் போரின்போது, இறந்த வீரர்களின் கல்லறைகளைப் பதிவுசெய்து பராமரிக்கும் ஆணையத்தை உருவாக்கியவர் அவர். தளபதிக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே அளவுக் கல், செல்வமோ பதவியோ கல்லறையில் வேற்றுமை காட்டக்கூடாது என்பதே அவ்வாணையத்தின் அடிப்படை விதி. அந்த விதி எப்படி இருக்கும் என்பதைச் சாலையின் ஓரத்திலேயே காண்பீர்கள்.

போர்க் கல்லறைத் தோட்டம்

இங்கே குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மொத்தம் 4,648 கல்லறைகள் உள்ளன. இவற்றுள் 4,144 காமன்வெல்த் வீரர்களுடையவை, அவற்றிலும் 338 பேரின் பெயர் தெரியாது. மற்றவை வேறு நாட்டவருடையவை, பெரும்பாலும் ஜெர்மானியர்களுடையவை. சண்டையே நடக்காத ஊரில் இத்தனை பேர் எப்படி என்ற கேள்வி உங்களுக்கு எழ வேண்டும். பாயூ சிதையாமல் இருந்ததால் ராணுவ மருத்துவமனைகள் அதைச் சுற்றி அமைந்தன. அங்கே இறந்தவர்களும், சுற்றுவட்டாரப் போர்க்களங்களிலிருந்து பின்னர் எடுத்துவரப்பட்டவர்களும் இங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். ஊர் தப்பியதற்கான காரணமும் இந்தத் தோட்டம் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கான காரணமும் ஒன்றோடொன்று பின்னியவை.

வரிசைகளின் நடுவே வேகமாக நடந்து சென்றுவிட வேண்டாம். ஏதேனும் ஒரு கல்லின் முன் நின்று, மேலிருந்து கீழாக முழுவதும் படியுங்கள். உச்சியில் படைப்பிரிவின் சின்னம் செதுக்கப்பட்டிருக்கும். அதன்கீழ் எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது. 19, 20, 22 என்ற வயதுகள் திரும்பத் திரும்ப வரும். ஜூன் மாதத் தேதிகளுக்கு அடுத்த வரிசைகளில் ஜூலையும் ஆகஸ்டும் வரும்போது, ஒரே நாளில் முடிந்த வெற்றியாகப் பலர் நினைத்துக்கொண்டிருப்பது எத்தனை வாரம் நீண்டது என்று புரியும். கல்லின் அடியில், புல்லைத் தொடும் இடத்தில், சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். அது ராணுவம் எழுதியதன்று, வீட்டார் தேர்ந்தெடுத்து அனுப்பியது. குனிந்துதான் படிக்க வேண்டும். தாயோ மனைவியோ எண்ணி எண்ணிச் சுருக்கிய அந்த வரியைப் படித்தபின் அடுத்த கல்லுக்கு உடனே நகர முடியாது. நம் ஊர் நடுகற்களில் வீரனின் பெயரும் செயலும் இருக்கும். இங்கே வீட்டாரின் குரலும் சேர்ந்து நிற்கிறது.

பெயர் தெரியாதவர்களின் கற்களில், இவரைக் கடவுள் அறிவார் என்ற பொருள்படும் சொற்கள் இருக்கும். ஜெர்மானியர்களின் கற்கள் தலைப்பகுதியின் வடிவத்தில் சற்றே வேறுபட்டிருக்கும், ஆனால் அதே புல்தரையில், அதே பூச்செடிகளின் நடுவே நிற்கும். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற கார்ப்பரல் சிட்னி பேட்ஸ் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்; அவருடைய கல்லும் மற்றவர்களுடையதைவிட உயரமில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தையும் இதே ஆணையம்தான் பராமரிக்கிறது. அங்கே சென்றிருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கும் அமைதியும் பழகியதாகத் தோன்றும்.

நடந்துகொள்ள வேண்டிய முறை எளியது. கற்களின் மேல் சாயவோ பைகளை வைக்கவோ கூடாது. படம் எடுப்பதற்குத் தடையில்லை, ஆனால் கல்லின் அருகே நின்று சிரித்தபடி எடுக்கும் படங்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அடுத்த வரிசையில் நிற்கும் முதியவர் தன் தந்தையைப் பார்க்க வந்தவராக இருக்கலாம். குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். ஒரு பெயரைப் படித்துக் காட்டி, இவருக்கு உன் அண்ணன் வயது என்று சொன்னால் போதும், அவர்களே அமைதியாகிவிடுவார்கள்.

பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்புறம் உள்ள வெண்கல் மண்டபத்துக்குச் செல்லுங்கள். கல்லறையே கிடைக்காத 1,800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. மண்டபத்தின் நெற்றியில் ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது. 'வில்லியத்திடம் தோற்ற நாங்கள், வென்றவனின் தாயகத்தை விடுவித்தோம்' என்பது அதன் பொருள். 1066-உம் 1944-உம் ஒரே வரியில் சந்திக்கும் இடம் இது. முதலாவதில் இந்தக் கரையிலிருந்து புறப்பட்ட படை இங்கிலாந்தைப் பிடித்தது. தொள்ளாயிரம் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலத்துக்குப் பின் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட படை இந்தக் கரையை மீட்டது. பகையின் கணக்கை எழுதத் தோதான இடத்தில் நன்றியும் பெருமிதமும் கலந்து எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்த போர் நினைவுச் சின்னங்களில் இதைவிடப் பொருத்தமான வாசகம் இன்னொன்று இல்லை.

அருகிலேயே இரண்டு இடங்கள்

மண்டபத்திலிருந்து சில நிமிட நடையில் நார்மண்டிப் போர் நினைவு அருங்காட்சியகம் உள்ளது. ஜூன் 6 முதல் ஆகஸ்ட் முடிய நடந்த போரை வரிசையாகச் சொல்வதால், கடற்கரைகளுக்குச் செல்லும் முன் இதைப் பார்ப்பது பயன்தரும். சீருடைகளிலும் துப்பாக்கிகளிலும் ஆர்வமில்லாதவர்கள் வரைபடங்களை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம், ஒன்றரை மணி நேரம் போதும்.

இரண்டாவது இடத்தைப் பலர் தவறவிடுகிறார்கள், நீங்கள் தவறவிட வேண்டாம். மரங்கள் சூழ்ந்த ஒரு பாதையின் இருபுறமும் வெண்கற்கள் நிற்கின்றன. 1944 முதல் பணியின்போது கொல்லப்பட்ட செய்தியாளர்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்போடு சேர்ந்து நகராட்சி உருவாக்கிய நினைவிடம் இது. போர்முனைச் செய்தியாளர்களுக்கான பாயூ பரிசும் 1994 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் இங்கே வழங்கப்படுகிறது. விடுதலை பெற்ற ஊர் அந்த விடுதலைக்கு என்ன கைம்மாறு செய்யலாம் என்று யோசித்துக் கண்டுபிடித்த வழியாகவே எனக்கு இது படுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. 2000-இல் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனும் 2005-இல் கொழும்பில் தர்மரத்தினம் சிவராமும் கொல்லப்பட்டதை அறிந்த தமிழர்கள், அந்த ஆண்டுகளின் கற்களுக்கு முன் வெறும் சுற்றுலாப் பயணிகளாக நிற்க முடியாது.

நண்பகல்: ஊருக்குள் நுழைவதும் உண்பதும்

இங்கிருந்து பேராலயத்தை நோக்கிக் கால் மணி நேரம் நடந்தால் பழைய நகரம் வந்துவிடும். உணவகங்களில் மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கி 2 மணி அளவில் முடிந்துவிடும். மூன்று மணிக்குப் போய்ச் சோறு தேடினால் எதுவும் கிடைக்காது. ஞாயிறும் திங்களும் பல கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை காலை என்றால் சென் பத்ரிஸ் சதுக்கத்தில் சந்தை கூடும்; ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு ஊரின் நடுவே ஓடும் ஓர் என்னும் சிற்றாற்றின் கரையில், பழைய நீராலையின் சக்கரத்தைப் பார்த்தபடி உண்ணலாம்.

சைவ உணவுக்காரர்களுக்கு மரக்கோதுமை மாவில் தோசைபோல் வார்க்கும் கலெத் கைகொடுக்கும். ஆனால் 'கொம்ப்லெத்' என்று பட்டியலில் இருப்பதில் பன்றி இறைச்சி வரும். காய்கறிச் சாலட்டிலும் இறைச்சித் துணுக்குகள் போடுவதுண்டு. 'சான் வியாந்த், சான் ழாம்போன்' என்று சொல்லிக் கேளுங்கள். இறைச்சியும் பன்றித்தொடையும் வேண்டாம் என்பது பொருள். இனிப்புக்குத் தேர்கூல் கிடைத்தால் கட்டாயம் சுவையுங்கள். அரிசி, பால், சர்க்கரை, கருவாப்பட்டை ஆகியவற்றை மண்சட்டியில் இட்டு அடுப்புக்குள் பல மணி நேரம் மெல்ல வேகவிடும் நார்மண்டிப் பண்டம் அது. மேலே பழுப்பு ஆடை படர்ந்திருக்கும். அதைக் கரண்டியால் உடைத்து உள்ளே இருக்கும் குழைந்த சோற்றை வாயில் வைத்தால், சுண்டக் காய்ச்சிய பால் பாயசத்தை உண்டு வளர்ந்தவர்களுக்குத் தூரத்து உறவினரைக் கண்டதுபோல் இருக்கும்.

பிற்பகல்: டி கோல் சதுக்கம்

மதிய உணவுக்குப் பின் மேற்கே உள்ள டி கோல் சதுக்கத்துக்குச் செல்லுங்கள். மரங்கள் சூழ்ந்த, அமைதியான திறந்தவெளி. பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்பதால் பலர் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், ஆனால் பிரெஞ்சுக் குடியரசின் இன்றைய வடிவம் இங்கே பேசப்பட்ட சொற்களிலிருந்து வளர்ந்தது.

லண்டனிலிருந்து சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தை வழிநடத்திய ஜெனரல் டி கோல், 1944 ஜூன் 14 அன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகப் பிரெஞ்சுப் பெருநிலத்தில் கால் வைத்தார். கரையிறங்கிய அன்றே பாயூவுக்கு வந்தார். அவரை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிரான்ஸின் தலைவராக ஏற்றிருக்கவில்லை. விடுவிக்கப்படும் பகுதிகளை நேச நாட்டு ராணுவமே நிர்வகிக்கும் திட்டம் இருந்தது, அதற்கான பணத்தாள்கள்கூட அச்சாகியிருந்தன. இந்த நிலையில்தான் அவர் பாயூவின் தெருக்களில் நடந்து வந்தார், மக்கள் கூடினார்கள், இந்தச் சதுக்கத்தில் பேசினார். அரசு அலுவலகத்தில் பழைய ஆட்சித் தலைவர் பெத்தேனின் படம் இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததாகவும், அங்கிருந்த அதிகாரி பதறிப்போய் அதைக் கழற்றியதாகவும் சொல்வார்கள். டி கோல் மாலையில் திரும்பிச் சென்றார், ஆனால் தம் பிரதிநிதியாக பிரான்சுவா கூலே என்பவரைப் பாயூவில் விட்டுச் சென்றார். அவர் பொறுப்பேற்று நிர்வாகத்தை நடத்தத் தொடங்கியதும் நேச நாட்டுத் தளபதிகள் நடைமுறையில் அதை ஏற்றுக்கொண்டார்கள். பாரிஸ் விடுபடும்வரை பத்து வாரங்களுக்கு மேல் இந்தச் சிற்றூரே சுதந்திர பிரான்ஸின் முகமாக இருந்தது. விடுவிக்கப்பட்ட மக்கள் தம்மைத் தாமே ஆளும் உரிமையைப் பெற்றார்களா என்ற கேள்விக்கு முதல் விடை கிடைத்த இடம் என்பதால்தான், கடற்கரைகளுக்கு இணையாக இதையும் வைக்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1946 ஜூன் 16 அன்று, பதவி விலகியிருந்த டி கோல் மீண்டும் பாயூவுக்கு வந்து, வலுவான குடியரசுத் தலைவரைக் கொண்ட ஆட்சிமுறை எப்படி அமைய வேண்டும் என்று விரிவாக உரையாற்றினார். அப்போது அது ஏற்கப்படவில்லை. 1958-இல் உருவான ஐந்தாம் குடியரசின் அரசமைப்பில் அந்தக் கருத்துகளே இடம்பெற்றன.

விடுதலை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பாயூ வட்டாரத்தில், ஆக்கிரமிப்பை மறைந்திருந்து எதிர்த்த பிரெஞ்சு மக்களின் எதிர்ப்பு இயக்கத்தை வழிநடத்தியவர் கியோம் மெர்கதேர் என்ற மிதிவண்டிப் பந்தய வீரர். பந்தயப் பயிற்சி என்ற காரணத்தைக் காட்டி, தடைசெய்யப்பட்ட கடற்கரைப் பகுதியில் மிதிவண்டியில் சுற்றி ஜெர்மானியக் காவலரண்களைப் பற்றிய தகவல்களைச் சேர்த்து அனுப்பினார்.

பேராலயமும் விடுதலை மரமும்

1077-இல் வில்லியத்தின் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயத்தில், கீழ்ப்பகுதியின் அரைவட்ட வளைவுகளையும் மேற்பகுதியின் கூர்வளைவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது கட்டடக்கலை அறியாதவர்களுக்கும் தெரியும். நிலவறையில் இசைக்கருவிகள் ஏந்திய தேவதூதர்களின் பழைய ஓவியங்கள் உள்ளன, படிகள் குறுகலானவை, பார்த்து இறங்குங்கள்.

வெளியே பக்கத்து முற்றத்தில் 1797-இல் நடப்பட்ட பிளேன் மரம் ஒன்று நிற்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர்தோறும் நட்ட விடுதலை மரங்களில் எஞ்சிய மிகச் சில மரங்களுள் ஒன்று. அடிமரத்தின் பட்டை திட்டுத்திட்டாக உரிந்து, சாம்பலும் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். ஆக்கிரமிப்பின் நான்கு ஆண்டுகளிலும் இந்த மரம் இதே பெயரோடு இங்கே நின்றிருந்தது. எதிரே ஒரு இருக்கை கிடைத்தால் சற்று நேரம் உட்காருங்கள்.

திரைச்சீலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. 2027-இல் திறப்பது திட்டம். 2026 செப்டம்பர் முதல் 2027 ஜூலை வரை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைக் காட்சிக்கு வைக்கவும் இரு நாடுகளும் உடன்பட்டுள்ளன. அதற்காகவே செல்பவர்கள் தேதியைச் சரிபார்த்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். விடுதலை வந்த நாளிலும் அது ஊரில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஆய்வுக்கென்று வெளியே எடுக்கப்பட்டு, பிறகு சார்த் வட்டாரத்து மாளிகை ஒன்றில் பாதுகாக்கப்பட்டு, 1944 ஜூன் இறுதியில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆகஸ்டில் அதைக் கைப்பற்றச் சொல்லி நாஜித் தலைவர்களுள் ஒருவரான ஹிம்லரின் ஆணை வந்தபோது, பாரிஸ் மக்கள் எழுச்சி தொடங்கிவிட்டது, லூவர் எதிர்ப்பு இயக்கத்தின் கையில் இருந்தது. 1945-இல்தான் பாயூவுக்குத் திரும்பியது.

இன்னொரு நாள் இருந்தால்

வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரோமான்ஷுக்குப் பேருந்து உண்டு. நேச நாடுகள் கடலில் மிதக்கவிட்டு இழுத்துவந்து அமைத்த செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகள் இன்னும் நீரில் நிற்கின்றன. நீர் வற்றும் நேரத்தை முன்பே பார்த்துச் சென்றால் சிலவற்றின் அருகே நடந்தே போகலாம். நீர் ஏறும்போது வேகமாக ஏறும், ஆகவே திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கே லோங் சுர் மேரில் ஜெர்மானியப் பீரங்கிகள் கான்கிரீட் கூடுகளுக்குள் அப்படியே உள்ளன. கிழக்கே வேர் சுர் மேரில் 2021-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் நினைவிடத்தில் 22,442 பெயர்கள் உள்ளன. கோடைக்கு வெளியே பேருந்துகள் மிகக் குறைவு. இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் கார் வாடகைக்கு எடுப்பதோ வழிகாட்டியுடன் செல்லும் வண்டியில் சேர்வதோ நல்லது.

எனக்கு ஒரே ஒரு அரைநாள்தான் மிச்சம் என்றால் கடற்கரையை விட்டுவிட்டு சென் லோ நகரத்துக்குச் செல்வேன். பாயூவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஜூன் 6 இரவில் நேச நாட்டு விமானங்கள் அந்நகரத்தைத் தகர்த்தன. இடிபாடுகளின் தலைநகரம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அங்கிருந்த சிறைச்சாலையின் வாயில் மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. உள்ளே அடைபட்டிருந்தவர்களில் எதிர்ப்பு இயக்கத்தவர் பலர். விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள், விடுதலைப் படைகள் கரையிறங்கிய நாளின் இரவில் அந்த இடிபாட்டில் இறந்தார்கள். மேட்டின்மேல் உள்ள நோத்ர் தாம் ஆலயத்தின் முகப்பு இடிந்த இடத்தில் பழையபடி கட்டாமல், பச்சை நிறக் கல்லால் ஒரு எளிய சுவரை எழுப்பி அடைத்திருக்கிறார்கள். ஆலயத்தின் பக்கச் சுவரை ஒட்டி நடந்து, கற்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே செல்லுங்கள். வெடிக்காத பீரங்கிக் குண்டு ஒன்று சுவரில் பாதி புதைந்தபடி இன்னும் அங்கேயே இருக்கிறது.